100 ஜிபி கேம்: டோரண்டா, கடை சர்வரா, பக்கத்துக் கணினியா?

ஊட்டியிலோ கோத்தகிரியிலோ 20 எம்பிபிஎஸ் இணைப்பில் 100 ஜிபி கேமை இறக்கினால், வேகம் துளியும் குறையாவிட்டாலும் 11 மணி நேரம் ஆகும். டோரண்டில் (கோப்பைத் துண்டு துண்டாகப் பலரது கணினிகளிலிருந்து வாங்கும் முறை) போட்டால் சீக்கிரம் முடியுமே என்பார்கள். முடியாது. டோரண்ட் குறைப்பது அனுப்புகிறவரின் சுமையை. மலையில் இடிப்பதோ வாங்குகிற லைன். கேம் விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீமின் சர்வர் 20 எம்பிபிஎஸ்ஸை ஏற்கெனவே நிரப்பிவிடும். நூறு பேர் சேர்ந்து ஊற்றினாலும் குழாய் அதே அரை அங்குலம்தான்.

டோரண்டுக்கு அடிப்படையான பிட்டோரண்ட் 2001இல் வந்தபோது சர்வர் செலவு பெரிய தலைவலி. பிளிஸார்ட் நிறுவனம் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கேமின் பேட்சுகளைக்கூட (திருத்தக் கோப்புகள்) அந்த முறையில்தான் ஆட்டக்காரர்களிடையே பகிர்ந்தது. இன்றும் சொந்தமாக கேம் செய்து இலவசமாகக் கொடுக்கும் சிறு குழுவுக்கு அது நல்ல வழி; சர்வர் ஒன்றை வெப் சீடாக, அதாவது கோப்பு தரும் இன்னொரு மூலமாகச் சேர்த்துவிட்டால், முழுக் கோப்பை வைத்துப் பகிர்பவர்கள் (சீட்) வறண்டாலும் இறக்கம் நிற்காது. ஆனால் வாரம் ஒரு அப்டேட் வரும் கேமுக்கு ஒத்துவராது. கோப்பு மாறினால் டோரண்டும் புதிது, பகிர்கிற கூட்டமும் பழைய பதிப்பு, புதிய பதிப்பு என்று பிரிந்துவிடும். (காசு கொடுத்து வாங்க வேண்டிய கேமைத் திருட்டு டோரண்டில் எடுப்பது இந்தக் கணக்கிலேயே வராது, வைரஸ் பயம் தனி.)

சிம் ரவுட்டரில் டோரண்ட் இன்னும் மோசம். பெரும்பாலும் ஒரே பொது முகவரியைப் பலருக்குப் பங்கிடும் சிஜிநாட் இருப்பதால், வெளியிலிருந்து இணைப்பு உள்ளே வராது. அப்லோட் நிரம்பினால், 'வந்து சேர்ந்தது' என்று திருப்பிச் சொல்லும் ஒப்புகைப் பாக்கெட்டுகள் தாமதமாகி டவுன்லோடும் படுத்துவிடும். அப்லோடை உண்மையான வேகத்தில் 70 சதவீதத்துக்குக் கட்டுங்கள். மலிவு ரவுட்டர் தொங்கினால் மொத்த இணைப்புகளை 100க்குள் வையுங்கள்.

பகிர்வு உண்மையில் பயன்படும் இடம் வீட்டுக்குள், ஹாஸ்டலுக்குள். ஸ்டீமில் 2023 முதல் லோக்கல் நெட்வொர்க் பரிமாற்றம் இருக்கிறது. செட்டிங்ஸில் டவுன்லோட்ஸ் பகுதியில் இரு கணினிகளிலும் அதை இயக்கி, யாருக்கு அனுப்பலாம் என்பதையும் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டிலும் ஸ்டீம் லாகின் ஆகியிருக்க வேண்டும்; வாங்குகிறவர் கணக்கிலும் கேம் இருக்க வேண்டும். ஒரு கணினியில் இறங்கியது இன்னொன்றுக்கு கிகாபிட் கேபிளில், எஸ்எஸ்டி இருந்தால், 15-20 நிமிடத்தில் போய்விடும்.

இங்கே பலர் சறுக்குவது ரவுட்டரில். விலை குறைந்த ரவுட்டர்களின் லேன் போர்ட் பலவும் 100 எம்பிபிஎஸ்தான். நொடிக்கு 11 மெகாபைட்டுக்கு மேல் ஏறாது, அதே 100 ஜிபிக்கு இரண்டரை மணி நேரம். இடையில் ஒரு கிகாபிட் ஸ்விட்ச் வைத்து இரு கணினிகளையும் அதில் செருகினால் போதும், ரவுட்டரை மாற்ற வேண்டாம். கணினிகள் ஒன்றையொன்று பார்க்கவே இல்லையா? வைஃபையில் கெஸ்ட் நெட்வொர்க்கோ ஏபி ஐசொலேஷனோ (வைஃபை சாதனங்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்கும் அமைப்பு) ஓடுகிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் ஃபயர்வாலில் இந்தப் பரிமாற்றத்துக்கான டிசிபி 27040 போர்ட்டைத் திறந்து பாருங்கள்.

குன்னூரிலோ கொடைக்கானலிலோ ஐந்தாறு கணினிகளோடு கேமிங் சென்டர் நடத்துபவருக்கு லேன்கேஷ் (இறக்கியதைச் சேமித்து வைத்து உள்ளேயே பகிரும் மென்பொருள்) இன்னும் பொருத்தம். பழைய கணினி ஒன்று, 1 டிபி டிஸ்க், லினக்ஸ். முதல் இறக்கம் லைன் வழியே வரும், அடுத்தவை டிஸ்கிலிருந்து. ஸ்டீம் மட்டுமல்ல, வேறு பல கடைகளுக்கும் வேலை செய்யும். எல்லாக் கணினிகளும் அதன் டிஎன்எஸ்ஸையே (தளப் பெயருக்கு முகவரி சொல்லும் சேவை) கேட்க வேண்டும். ரவுட்டர் ஐபிவி6 (புதிய வகை இணைய முகவரி) டிஎன்எஸ் ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தால் இறக்கம் கேஷைத் தாண்டி நேரே வெளியே போகும்; அப்போது டிஸ்க் காலியாகவே கிடக்கும்.

நாளுக்கு 2 ஜிபி சிம்மை மட்டும் நம்பியிருக்கும் மன்னவனூர் பக்கத்து ஆட்டக்காரருக்கு இவை எதுவும் உதவாது. கோயம்புத்தூரிலோ திண்டுக்கல்லிலோ இறக்கி ஹார்ட் டிஸ்கில் கொண்டுவருவதே வேகம். கேம் ஃபோல்டரை ஸ்டீம்ஆப்ஸுக்குள் இருக்கும் காமன் ஃபோல்டரில் போட்டு இன்ஸ்டால் அழுத்தினால், இருப்பதைச் சரிபார்த்து விடுபட்டதை மட்டும் இறக்கும். டிஸ்க் எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் ஃபார்மட்டில் இருக்கட்டும். ஃபேட்32 என்றால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது.