பழைய விஎம்மைத் திறக்க விஎம்வேரா, வேர்ச்சுவல்பொக்ஸா?

கஸ்தூரியார் வீதியில் மாமாவின் கடைக் கணக்கு முழுவதும் ஒரு விண்டோஸ் எக்ஸ்பி விஎம்முக்குள் (வேர்ச்சுவல் மெசின், அதாவது கொம்பியூட்டருக்குள் மென்பொருளால் ஓடும் இன்னொரு கொம்பியூட்டர்) இருக்கிறது. கடைக் கொம்பியூட்டர் சூடேறி அடிக்கடி நிற்கத் தொடங்க, அந்த விஎம் இருக்கும் ஃபோல்டரை எக்ஸ்டேர்னல் டிஸ்க்கில் எடுத்துவந்து, புதிய கொம்பியூட்டரில் விஎம்களை இயக்கும் மென்பொருள்களான விஎம்வேர் வேர்க்ஸ்டேஷன், வேர்ச்சுவல்பொக்ஸ் இரண்டிலும் திறந்து பார்த்தேன். கடைசியில் விஎம்வேர் வேர்க்ஸ்டேஷனோடு நின்றுவிட்டேன்.

காசு ஒரு காரணமே இல்லை. வேர்ச்சுவல்பொக்ஸ் முன்பிருந்தே இலவசம். வேர்க்ஸ்டேஷன் புரோவும் 2024 நவம்பரிலிருந்து வியாபாரப் பாவனைக்கும் இலவசம். கணக்கு எழுதும் அளவுக்கு வேகத்திலும் வித்தியாசம் தெரியவில்லை.

என்னைத் தீர்மானிக்க வைத்தது மேக் முகவரிதான், அதாவது நெட்வேர்க் கார்டின் அடையாள எண். மாமாவின் கணக்கு மென்பொருளின் லைசன்ஸ் அதோடு கட்டப்பட்டிருக்கிறது. முகவரி மாறினால் மென்பொருள் திறக்காது. வேர்க்ஸ்டேஷனில் ஃபைல் மெனுவில் ஓப்பன் கொடுத்து, விஎம்மின் செட்டிங்குகள் இருக்கும் விஎம்எக்ஸ் ஃபைலைக் காட்டி இயக்கியதும் ஒரு கேள்வி வந்தது: இதை மூவ் பண்ணினீர்களா, கொப்பி பண்ணினீர்களா? கொப்பி என்றால் புதிய மேக் உருவாகும். மூவ் என்றால் பழையதே நிற்கும். ஆனால் பழைய விஎம்மும் இதுவும் ஒரே நெட்வேர்க்கில் ஓடினால் முகவரி மோதும்.

“மாமா, பழைய மெசினை இனிப் போடமாட்டியள்தானே?”

“இல்லைத் தம்பி, அது இனி ஏன்?”

மூவ் கொடுத்தேன். நோட்பாடில் விஎம்எக்ஸைத் திறந்து பார்த்தால், 00:0சி:29 என்று தொடங்கும் அதே முகவரி அப்படியே இருந்தது. லைசன்ஸ் ஒன்றும் கேட்கவில்லை.

வேர்ச்சுவல்பொக்ஸ் விஎம்எக்ஸை வாசிக்காது. புதிதாக ஒரு விஎம் உருவாக்கி, விஎம்வேரின் டிஸ்க் ஃபைலான விஎம்டிகேயை அதில் இணைக்க வேண்டும். மேக் 080027 என்று புதிதாகத் தொடங்கும். நெட்வேர்க் செட்டிங்கில் பழையதைக் கையால் அடிக்கலாம். டிஸ்க் கொன்ட்ரோலரும் (டிஸ்க்கை விஎம்மோடு இணைக்கும் பகுதி) முன்பிருந்த வகையாகவே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எக்ஸ்பி நீலத் திரையில் நின்றுவிடும். செய்ய முடியாத வேலையல்ல, ஆனால் கடைக் கணக்கை வைத்து இதெல்லாம் மேலும் பரீட்சித்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் விஎம் வேர்ச்சுவல்பொக்ஸிலேயே உருவானதென்றால் கதை வேறு. மெசின் மெனுவில் அட் (Add) கொடுத்து விபொக்ஸ் ஃபைலைக் காட்டினால் போதும். விஎம்வேருக்கு மாற்றத் தேவையில்லை. லினக்ஸ் விஎம்களில் என் அனுபவம் ஒரேயொரு உபுண்டுதான். அது இரண்டிலும் சிக்கலின்றித் திறந்தது.

எதுவானாலும், ஃபோல்டரைத் தூக்குமுன் விஎம்மை முழுதாக ஷட்டவுன் பண்ணுங்கள், சஸ்பெண்டில் விடாதீர்கள். கரண்ட் திடீரென்று போனால் விஎம்வேர் ஃபோல்டருக்குள் எல்சிகே என்று முடியும் ஃபோல்டர்கள் மிஞ்சி, விஎம் பாவனையில் இருப்பதாகச் சொல்லித் திறக்க மறுக்கலாம். அது வேறெங்கும் ஓடவில்லை என்று உறுதிசெய்துவிட்டு அவற்றை அழித்தால் திறக்கும்.