மூன்று பந்து ஸ்பைரோமீட்டர்: ஃபைப்ரோமயால்ஜியா உள்ளவர்களுக்குச் சரிவருமா?

நான் தமிழாசிரியை. எனக்கு ஃபைப்ரோமயால்ஜியா, அதாவது உடம்பெங்கும் தசை வலியும் சோர்வும் நீடிக்கிற நோய், இருக்கிறது. வகுப்பில் செய்யுளை உரக்கப் படித்தால் நாலு அடி முடிவதற்குள் மூச்சு வாங்கும். எக்ஸ்ரே, எக்கோ, நுரையீரல் பரிசோதனை, ரத்தசோகை, தைராய்டு எல்லாம் பார்த்தார்கள். ஒன்றிலும் குறை இல்லை. ஃபைப்ரோமயால்ஜியாவில் விலா எலும்புகளுக்கு இடையில் உள்ள தசைகளும் வலிக்கும். அந்த வலிக்குப் பயந்து மேல் நெஞ்சிலேயே மூச்சை நிறுத்திக்கொள்கிறோம் என்று பிசியோதெரபிஸ்ட் அம்மா விளக்கினார். மூச்சுப் பயிற்சிக்கு இந்த ஸ்பைரோமீட்டர் கருவியை வாங்கச் சொன்னதும் அவர்தான். மெடிக்கல் ஷாப்பில் முந்நூறு ரூபாய்க்குள் கிடைத்தது.

பிளாஸ்டிக்கில் மூன்று அறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு பந்து. குழாயை வாயில் வைத்து உறிஞ்சினால் பந்து எழும்பும். ஊதக் கூடாது. அறைகளின்மேல் 600, 900, 1200 என்று போட்டிருக்கும். நுரையீரலின் கொள்ளளவு என்று பலர் நினைப்பது இதைத்தான். உண்மையில் அது வேகம்: ஒரு வினாடிக்கு எத்தனை மில்லி காற்று உள்ளே போகிறது என்ற கணக்கு. வெடுக்கென்று இழுத்தால் அரைகுறை மூச்சிலும் மூன்று பந்தும் ஏறிவிடும்.

இந்தக் கருவியில் நான் காணும் பெரிய குறையே இதுதான். அறுவை சிகிச்சை முடிந்தவர்களுக்கு நுரையீரல் சுருங்காமல் இருக்கத்தான் இதைப் பெரும்பாலும் கொடுக்கிறார்கள். நம்மைப் போன்றவர்கள் மூன்றாவது பந்தைத் துரத்தினால் கழுத்தும் தோளும்தான் வேலை செய்யும். ஏற்கெனவே வலிக்கிற இடம் அது! வயிற்றில் கை வைத்து, மெதுவாக இழுத்து, முதல் பந்தை மட்டும் சில நொடி நிறுத்துங்கள். நடுநடுவே ஓய்வு வேண்டும். தலை சுற்றினாலோ விரல் மரத்தாலோ அத்தோடு விட்டுவிட வேண்டும்.

பிடித்தது என்றால், மூச்சு கண்ணுக்குத் தெரிகிறது. ‘ஆழமா இழுங்க’ என்று யார் சொன்னாலும் முன்பெல்லாம் எனக்குப் பிடிபடாது. இப்போது பந்து நடுங்காமல் நிற்கிறதா என்று பார்த்தால் போதும். உடம்பு வலி குறையவில்லை, அதை எதிர்பார்த்து வாங்காதீர்கள். ஆனால் செய்யுளை அடி முடிகிற இடத்தில் நிறுத்திப் படிக்க முடிகிறது. எனக்கு அது பெரிய விஷயம்.

விளக்கத்தாள் ஆங்கிலத்தில் மட்டும், அதுவும் பொடி எழுத்து. தமிழில் நாலு வரி போட்டால் என்ன? வாயில் வைக்கும் பகுதியைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள், இன்னொருவருக்குக் கொடுக்காதீர்கள். கழுத்து வலி அதிகம் உள்ளவர்கள், கொஞ்சம் கூடுதல் விலையானாலும், பந்துக்குப் பதில் அளவுகாட்டி மெதுவாக ஏறும் வகையைக் கேட்டுப் பாருங்கள்.

திடீரென்று மூச்சுத் திணறினாலோ நெஞ்சு அழுத்தினாலோ இதை எடுத்துக்கொண்டு உட்காராதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.