இரண்டு ஆப், ஒரே லாகின்: எந்த வழி?

முதன்மைத் தளம் ஒன்று, அதே நிறுவனத்துக்குத் தனியாக ஓடும் இன்னொரு ஆப். ஒருமுறை லாகின் செய்தால் இரண்டிலும் நுழைந்துவிட வேண்டும். பலருக்கும் முதலில் தோன்றுவது, இரண்டும் ஒரே பயனர் அட்டவணையைப் படித்தால் போதுமே என்பதுதான். போதாது. பாஸ்வேர்டு ஒன்றாகுமே தவிர, இரண்டு இடத்திலும் தனித்தனியாக டைப் செய்யத்தான் வேண்டும். போதாக்குறைக்கு, ஒரு பக்கம் அப்டேட் செய்து அட்டவணையின் அமைப்பு மாறினால் மறுபக்கம் படுத்துவிடும். இந்த வழியை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை.

குக்கியை, அதாவது லாகின் செய்தவரை அடையாளம் காணத் தளம் பிரவுசரில் வைக்கும் சிறு தகவலைப் பகிர்வது அதைவிட மேல். இரண்டும் ஒரே டொமைனின் கீழ் இருந்தால், குக்கியில் தாய் டொமைனைக் குறித்துவிடலாம். பிரவுசர் இரண்டுக்குமே அனுப்பும். ஆனால் மற்ற எல்லாத் துணை டொமைன்களுக்கும் சேர்த்தே அனுப்பும். எங்கோ மூலையில் கிடக்கும் பழைய சோதனைத் தளத்தில் ஓட்டை விழுந்தாலும் ஆபத்துதான். டொமைன் வேறென்றால் இந்த வழியே கிடையாது. ஐஃப்ரேம் வைத்து, அதாவது ஒரு தளத்துக்குள் இன்னொன்றைப் பதித்துச் சமாளிக்கலாம் என்றால், அப்படிப் பதித்த வேறு டொமைனின் குக்கிகளை, அதாவது மூன்றாம் தரப்புக் குக்கிகளை, சஃபாரி பிரவுசர் 2020இலிருந்து முழுதாகத் தடுக்கிறது.

சரி, மிச்சம் இரண்டு. ஒன்று, கையொப்பமிட்ட ரீடைரக்ட், அதாவது பயனரை ஒரு தளத்திலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பிவிடுவது. இரண்டாவது ஆப், நான்ஸ் எனப்படும் ஒருமுறை மட்டுமே செல்லும் எண்ணைக் கொடுத்துப் பயனரை முதன்மைத் தளத்துக்கு அனுப்பும். அங்கே லாகின் முடிந்ததும், அதே நான்ஸோடு பயனரின் ஐடியும் மின்னஞ்சலும் சேர்ந்து, இரு பக்கத்துக்கும் பொதுவான ரகசியச் சாவியால் போட்ட, தகவலை யாரும் மாற்றவில்லை என்று காட்டும் எச்மேக் கையொப்பத்தோடு திரும்பும். பொருந்தினால் அனுமதி. எழுதுவது பெரிய வேலையில்லை. பயன்படுத்திய நான்ஸை அழிக்க மறந்தால் மட்டும், அந்தத் திரும்பும் லிங்க் யார் கையில் கிடைத்தாலும் அவர் உள்ளே வந்துவிடுவார்.

இன்னொன்று, ஓஆத் 2.0 என்ற அனுமதி வழங்கும் நெறிமுறையின் மேல் கட்டி 2014இல் வெளியான, லாகினுக்கான பொது நெறிமுறை ஓப்பன்ஐடி கனெக்ட். கீக்ளோக் மாதிரி லாகினைக் கவனிக்க ஒரு சர்வர் வேண்டும், அதைப் பராமரிக்க ஆளும் வேண்டும். இரண்டு ஆப்போடு நிற்கும் என்றால் ரீடைரக்டே போதும் என்பேன். மூன்றாவது வரும் என்ற சந்தேகம் இருந்தால்கூட ஓப்பன்ஐடிக்குப் போய்விடுங்கள்.

எதை எடுத்தாலும் கணக்குகளை மின்னஞ்சலை வைத்து இணைக்காதீர்கள். சரிபார்க்காத முகவரியோடு பதிவு செய்பவர் அடுத்தவர் கணக்கில் போய் உட்கார்ந்துவிடுவார். மாறாத பயனர் ஐடியை வைத்தே இணையுங்கள். அப்புறம் லாக்-அவுட். ரீடைரக்டிலும் ஓப்பன்ஐடியிலும் ஆப்புக்கு ஆப் செஷன், அதாவது லாகின் செய்த நிலை, தனி என்பதால், ஒன்றில் வெளியேறினாலும் மற்றது திறந்தே இருக்கும். முதன்மைத் தளம் வெளியேறும்போது மற்றதன் சர்வருக்கும் சொல்லிவிடும்படி அமைக்க வேண்டும். முடியாவிட்டால் அங்கே செஷன் நேரத்தையாவது குறைத்து வையுங்கள்.