பேட்டரியை அடைகாத்த மூன்று குளிர்காலம்

கனடாவில், ஒண்டாரியோ மாகாணத்தின் பேங்கிராஃப்ட் பக்கம், நண்பர்கள் இரண்டு பேரோடு பங்கு போட்டு வாங்கிய மரக் கேபின் அது. இங்கே கரண்டுக்குப் பெயர் ஹைட்ரோ. அந்த ஹைட்ரோ கம்பி ரோட்டோடு நின்றுவிடுகிறது. உள்ளே இழுத்துக் கொடுக்கக் கேட்ட தொகைக்கு ஒரு நல்ல கார் வாங்கலாம். அதனால் சோலார். 12 வோல்ட், 100 ஏ.எச். (ஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவு) லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி இரண்டு, பேனல் நான்கு. லைட், தண்ணீர் பம்ப், சின்ன ஃபிரிட்ஜ், அவ்வளவுதான் வேலை. கோடையைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன்.

ஜனவரியில் ராத்திரி மைனஸ் 25 சாதாரணம். இந்த வகை பேட்டரி குளிரில் கரண்ட் கொடுக்கும், ஆனால் வாங்காது. மைனஸ் 20 வரை எடுத்துக்கொள்ளலாம் என்று என் பேட்டரியோடு வந்த தாளில் போட்டிருக்கிறது. ஏற்றுவதற்குப் பூஜ்ஜியம்தான் எல்லை. அதற்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் லித்தியம் பேட்டரியின் எதிர்முனையில் இருக்கும் கிராஃபைட்டுக்குள் போக முடியாமல் அதன் மேலேயே உலோகமாகப் படிந்துவிடும். படிந்ததில் பெரும்பகுதி திரும்ப வராது. கொள்ளளவு குறையும், படிவு ஊசி மாதிரி வளர்ந்தால் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகவும் வாய்ப்பு உண்டு. அதனால்தான் உள்ளே இருக்கும் பி.எம்.எஸ். (பேட்டரியைக் கண்காணிக்கும் மின்னணுப் பலகை) பூஜ்ஜியத்தில் சார்ஜை வெட்டிவிடுகிறது. என்னுடையது 5 டிகிரிக்கு ஏறிய பிறகுதான் மறுபடி விடும். பேட்டரி வாங்கப்போகிறவர்கள் இந்த வெட்டு இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். விலை குறைந்த சிலவற்றில் இருப்பதில்லை.

முதல் குளிர்காலத்தில் நான் செய்தது எல்லாம் தப்பு. இரண்டு இஞ்ச் ஃபோம் பலகையில் ஒரு பெட்டி, பேட்டரிக்கு அடியில் 40 வாட் ஹீட்டிங் பேட், ஒரு தெர்மோஸ்டாட். அந்த தெர்மோஸ்டாட்டின் சென்சாரை பேடின் மேலேயே ஒட்டி வைத்தேன். பேட் இரண்டு நிமிடத்தில் சூடாகும், சென்சார் 'போதும்' என்று நிறுத்தும், பேட்டரி பாட்டுக்கு ஐஸாகவே கிடக்கும். ஹீட்டருக்கும் அதே பேட்டரியிலிருந்துதான் கரண்ட். நாலு நாள் தொடர்ந்து மேகம்.

வெள்ளிக்கிழமை ராத்திரி போய்க் கதவைத் திறந்தால் லைட் எரியவில்லை. காலையில் வெயில் கண்ணைக் கூசுகிறது, ஏற்றம் பூஜ்ஜியம். சூடேற்றக் கரண்ட் இல்லை, சூடேறினால்தான் கரண்ட் ஏறும். பைத்தியம் தெளிந்தால் கல்யாணம், கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும் என்பார்களே, அந்தக் கதை. நல்லவேளை, பி.எம்.எஸ்.ஸின் ப்ளூடூத் மட்டும் உயிரோடு இருந்தது. போனில் பேட்டரியின் வெப்பநிலை மைனஸ் 14 என்று காட்டியது.

விறகு அடுப்பில் தண்ணீர் காய வைத்து, முதுகுவலிக்கு ஒத்தடம் கொடுக்க வைத்திருந்த ரப்பர் வெந்நீர்ப் பைகள் மூன்றையும் நிரப்பி, பேட்டரிகளின் பக்கவாட்டில் செருகி, மேலே கம்பளியைப் போட்டு மூடினேன். அம்மா ஊரிலிருந்து வீடியோ காலில் பார்த்துவிட்டு, "என்னடா, கோழி மாதிரி அடைகாக்குற?" என்றாள். மைனஸ் 9. மைனஸ் 3. பை ஆறியதும் மறுபடி நிரப்பினேன். பதினொன்றே முக்காலுக்கு 5 டிகிரி தொட்டது, ஏற்றம் சட்டென்று 18 ஆம்பியருக்குத் தாவியது. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு லிட்டர் தண்ணீர் 80 டிகிரியிலிருந்து 10-க்கு இறங்கும்போது சுமார் 160 வாட்-மணி வெப்பம் விடுகிறது. 23 கிலோ பேட்டரியை 20 டிகிரி ஏற்ற ஏறக்குறைய அதே அளவு போதும். பாட்டி வைத்தியம்தான், ஆனால் கணக்கு சரியாக வருகிறது.

அடுத்த வருடம் பெட்டியைப் பிரித்துக் கட்டினேன். நாலு இஞ்ச் ஃபோம், இரண்டு அடுக்கு, அடுக்குகளின் இணைப்புகள் ஒன்றன்மேல் ஒன்று வராதபடி மாற்றி வைத்து டேப் ஒட்டினேன். அடியிலும் அதே கனம். அடியை மறந்துவிடுகிறவர்கள்தான் அதிகம். வெளியே மைனஸ் 25, உள்ளே 5 என்று வைத்துக்கொண்டால், என் பெட்டி அளவுக்கு இரண்டு இஞ்சில் தொடர்ந்து சுமார் 18 வாட் வெளியேறும், நாலு இஞ்சில் 11. ஒரு நாளைக்கு 425 வாட்-மணிக்கும் 265-க்கும் உள்ள வித்தியாசம். டிசம்பரில் ஒன்பது மணி நேரம்கூட வெளிச்சம் இல்லாத ஊரில் இது பெரிய காசு. சென்சாரைப் பேட்டரியின் பக்கவாட்டிலேயே ஒட்டி, அதன்மேல் ஒரு துண்டு ஃபோம் வைத்தேன். பேடுக்கும் பேட்டரிக்கும் நடுவே ஒரு அலுமினியத் தகடு.

இன்னொன்று, ராத்திரி முழுக்கச் சூடாக வைத்திருப்பதை நிறுத்தினேன். கரண்ட் கொடுக்கச் சூடு தேவையில்லையே. டைமர் காலை ஐந்து மணிக்கு ஹீட்டரைப் போடும், வெயில் பேனலில் விழும் நேரத்துக்குப் பேட்டரி தயார். அந்த ஹீட்டருக்கு இப்போது தனிக் கரண்ட். ஓரமாகக் கிடந்த பழைய லெட்-ஆசிட் பேட்டரியும் தனியாக ஒரு 100 வாட் பேனலும். லெட்-ஆசிட் குளிரில் பாதிப் பலம்தான் கொடுக்கும், ஆனால் சார்ஜ் வாங்கும். ஒரே நிபந்தனை, அதைக் காலியாக விடக் கூடாது. நிறைந்திருந்தால் மைனஸ் 50-லும் உறையாது, இறங்கிவிட்டால் மைனஸ் பத்தை ஒட்டியே உறைந்து டப்பா பிளக்கும்.

நண்பர் ஒருவர் உள்ளேயே ஹீட்டர் வைத்த பேட்டரி வாங்கினார். அதில் ஹீட்டர் வேலை செய்ய பேனலிலிருந்து ஓரளவு கரண்ட் வர வேண்டும். மேகமூட்டத்தில் இரண்டு ஆம்பியர் வந்தால் சூடும் இல்லை, சார்ஜும் இல்லை. வெயில் நாளில் பிரமாதம். நான் வாங்க மாட்டேன்.

இரண்டு வாரம் யாரும் போகாவிட்டால் எல்லாவற்றையும் அணைத்துவிடுகிறோம். லித்தியத்தைப் பாதிச் சார்ஜில் விட்டு, பேனலைத் துண்டித்துவிடுவோம். ஆள் இல்லாத வீட்டில் எதற்கு ஹீட்டர்? நிரந்தரமாகக் குடியிருப்பவர்களுக்கு இந்தப் பெட்டி வேலையே வேண்டாம். அடுப்பு எரியும் அறையில், அடுப்பிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்தால் போதும்.

போன மார்ச்சில் முழுக்க ஏற்றி, முழுக்க இறக்கிப் பார்த்தேன். 200-க்கு 193 ஏ.எச். வந்தது. மூன்றாவது குளிர்காலத்தில் ஒரே ஒரு தொந்தரவு. பெட்டி இதமாக இருப்பது எலிக்கும் தெரிந்துவிட்டது. ஃபோமைக் குடைந்து கூடு கட்டி, சென்சார் ஒயரையும் கடித்து வைத்திருந்தது. இப்போது ஒயர் போகும் துளையில் இரும்புக் கம்பளி அடைத்து, பெட்டியைச் சுற்றி வலை அடித்திருக்கிறேன்.