பழைய ட்ராக்டர் வாங்கப் போறீங்களா, கியர் சத்தத்துல நான் ஏமாந்த மாதிரி ஏமாறாதீங்க (78,000 போச்சு)

போன வாரம்தான் மெக்கானிக் கியர் பாக்ஸ பிரிச்சுக் காட்டுனாரு. நேத்தும் ராத்திரி பூரா தூக்கம் வரல, விடிஞ்சதும் இத டைப் பண்றேன், தப்பு கிப்பு இருந்தா பொறுத்துக்கங்க. 78,000 ரூபா. வண்டி வெல இல்லங்க அது, வண்டி வெல தனியா 2,65,000 குடுத்தாச்சு. இந்த 78,000 அத திரும்ப ஓட வைக்கிறதுக்கு மட்டும்.

நமக்கு ஒரத்தநாடு பக்கம். மேட்டூர்ல ஜூன் 12 தண்ணி தொறந்தா அவ்ளோதான், எல்லாரும் ஒரே நேரத்துல தொழி அடிக்க (நடவுக்கு முன்னாடி சேத்து உழவு) நிப்பான், வாடகை வண்டிக்காரன் கால்ல விழாத குறை. இந்த வருஷம் அந்தக் கெஞ்சலே வேணாம், சொசைட்டில வீட்டுக்காரம்மா நகைய வச்சாவது ஒரு பழைய வண்டிய எடுத்துருவோம்னு முடிவு பண்ணி, போன்ல பழைய வண்டி விக்கிற ஆப் ஒன்னுல தேடுனேன். பெயிண்ட் பளபளன்னு 35 எச்பி வண்டி ஒன்னு வந்துச்சு. போட்டவன் தனி ஆளு இல்ல, பழைய ட்ராக்டர் வாங்கி வித்துத் தர்ற யார்டு. பேரு போடல, போட்டா அதுக்கு வேற வக்கீல் நோட்டீஸ் வரும்.

மச்சானையும் கூட்டிக்கிட்டு காலைல ஒம்பது மணிக்கெல்லாம் போயிட்டோம். நாங்க போறதுக்கு முன்னாடியே வண்டி ஸ்டார்ட் பண்ணி ஓடிட்டு இருந்துச்சு, ரேடியேட்டர் தொட்டா சுடுது. அப்பவே புத்தி வந்திருக்கணும். யார்டு ஓனரு ரொம்ப மரியாதையான ஆளு, "நானும் விவசாயி மவன்தாண்ணே, உங்க பணம் என் பணம் மாதிரி"ன்னு டீ வாங்கிக் குடுத்து, மழை பேஞ்சுச்சா, நெல்லு என்ன வெல போவுதுன்னு அரை மணி நேரம் பேசுறான். நான் அந்தப் பேச்சுலதான் விழுந்தேன், வண்டியப் பாத்து விழல.

ஓட்டிப் பாத்தேன். கியர்ல ங்ஙொய்ய்ன்னு ஒரு சத்தம். கேட்டேங்க, கேக்காம வாங்கல! அவன் சிரிச்சுக்கிட்டே "பழைய வண்டில நேர் பல்லு கியர்ணே, பாடத்தான் செய்யும், பாடலன்னாதான் பயப்படணும்"ங்கிறான். இதுல கொடுமை என்னன்னா அவன் சொன்னது பாதி உண்மை. நேர் பல்லு கியர் ஒரே சீரா இழுத்துப் பாடும், அது நோய் இல்ல, அத மெக்கானிக்கே ஒத்துக்கிறாரு. அந்தப் பாதி உண்மைக்குள்ளதான் மீதிய மறைச்சு வச்சிருந்திருக்கான். ஓட்டச் சொன்னதும் தார் ரோட்டுல, ஹை கியர்ல, பின்னாடி கலப்பை இல்ல டிரைலர் இல்ல, அரை கிலோமீட்டர். சைலன்சர்ல வேற ஓட்டை, திராட்டில ஏத்துனா அந்த எரைச்சல்ல வேற எதுவும் காதுல விழாது.

பின்னாடி கலப்பைய தூக்குற ஹைட்ராலிக் லிப்ட்ட தூக்கிப் பாத்தேன், கிழவன் மாடி ஏறுற மாதிரி மெதுவா ஏறுது. "காலைல ஆயில் குளுந்து கெடக்குண்ணே"ங்கிறான். மே மாசத்துல! எஞ்சின் சூடா இருக்கறப்ப! மச்சான் என்னையப் பாத்தாரு, நான் அவரப் பாத்தேன், ரெண்டு பேரும் ஒன்னும் பேசல. அட்வான்ஸ் குடுத்துட்டு வந்துட்டோம்.

மிச்சப் பணத்தக் கட்டி வண்டிய எடுத்துட்டு வந்தோம், மூணு நாள் நல்லா ஓடுச்சு. நாலாம் நாள் கேஜ் வீல் (சேத்துக்குன்னு மாட்டுற இரும்புச் சக்கரம்) மாட்டி தொழில விட்டேன். ஒன்றரை மணி நேரம் ஓடி ஆயில் நல்லா சூடானதும் அந்த ங்ஙொய் போயி கரகரன்னு ஆயி, அப்புறம் டக்கு டக்குன்னு அடிக்குது, லோ ரெண்டாவது கியரு அதுவா நியூட்ரலுக்கு வந்து விழுது, கையால புடிச்சுக்கிட்டே ரெண்டு சுத்து ஓட்டுனேன், உள்ள மடார்னு ஒரு சத்தம். நின்னுருச்சு. சேத்துல நட்ட நடுவுல. பக்கத்து வயக்காரரு வண்டிய வச்சு கயிறு கட்டி இழுத்தோம், ஊரே கரையில நின்னு வேடிக்கை.

மெக்கானிக் அடி போல்ட்ட கழட்டுனா ஆயில் ஊத்தல, வெல்லப்பாகு மாதிரி இழுவுது. அந்த வண்டிக்கு கியருக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே ஆயில். உள்ள இருந்த சல்லடைய எடுத்தா மரத்தூளு, ஈரமா, கொழகொழன்னு அப்பிக் கெடக்கு. சத்தம் அமுங்கறதுக்கு கெட்டி ஆயிலும் மரத்தூளும் போட்டிருக்கானுங்க, அது போயி சல்லடைய அடச்சதாலதான் லிப்ட்டு அப்படி ஏறியிருக்கு. கடலைப் பருப்பு சைஸ்ல ரெண்டு இரும்புத் துண்ட என் உள்ளங்கையில வச்சு "தம்பி, இது கியர் பல்லு"ன்னாரு. கிரவுன் பினியனும் (பின் சக்கரத்துக்கு சுத்த அனுப்புற பல்லு செட்டு) போச்சு, பேரிங் மூணு, ஆயிலு, கூலி எல்லாம் சேத்து 78,000.

யார்டு ஓனருக்குப் போன் பண்ணேன். மொத தடவ "ஆயில மாத்துங்கண்ணே சரியாப் போவும்". ரெண்டாவது தடவ "நீங்க சேத்துல போட்டு அடிச்சு ஒடச்சிட்டீங்க". ட்ராக்டர சேத்துல போடாம கல்யாணத்துக்கா ஓட்டுவாங்க? மூணாவது தடவ "நாங்க புரோக்கருதான் சார், வண்டி ஓனரு வேற ஆளு". அண்ணனா இருந்தவன் "சார்" ஆயிட்டேன் பாத்தீங்களா. அப்புறம் போனே எடுக்கல. ஆப்காரனுக்குப் பேசுனா "நாங்க விளம்பரம் மட்டும்தான் போடுறோம், வாங்குறவங்கதான் செக் பண்ணிக்கணும்". நேர்ல போனேன், ஓனரு திருச்சிக்குப் போயிருக்காருன்னு பையன் சொல்றான், அவரு பைக்கு அங்கதான் நிக்குது. உள்ள எவரோ ஒரு பெரியவருக்கு டீ ஓடிட்டு இருக்கு. ஸ்டேஷன்ல "சிவில் மேட்டர்ப்பா, எழுதிக் குடுத்த பேப்பர்ல என்ன இருக்கு பாரு"ன்னாங்க. பாத்தேன். "ஓட்டிப் பார்த்து முழுத் திருப்தி அடைந்து"ன்னு இருக்கு, கீழ என் கையெழுத்து.

என்னென்ன பாக்கணும்னு விவரமா எழுதலாம்னுதான் உக்காந்தேன், மனசு இல்ல, ஞாபகத்துக்கு வர்றத சொல்றேன். எஞ்சின் ஆறி இருக்கறப்ப போங்க, முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வச்சிருந்தா திரும்பி வந்துருங்க. நியூட்ரல்ல ஓட விட்டு கிளட்ச்ச அமுக்குங்க, அமுக்குனா நிக்கிற சத்தம், விட்டா வர்ற சத்தம்னா அது கியர் பாக்ஸ் உள்ள, பெரும்பாலும் பேரிங். கலப்பைய மாட்டி வயல்ல ஒரு மணி நேரமாச்சும் லோ கியர்ல ஓட்டுங்க, சூடான பின்னாடி கேக்குற சத்தம்தான் நெசமான சத்தம். சீரா பாடுனா பரவால்ல, கரகரன்னாலோ தட்டுனாலோ கியர் தானா கழண்டாலோ வேணாம். அடி போல்ட்ட கழட்டி ஆயில விரல்ல தேச்சுப் பாக்க விட மாட்டேன்னு சொல்றவங்கிட்ட டீ கூட குடிக்காதீங்க. மெக்கானிக்க கூட்டிட்டுப் போங்க, ஆயிரம் ரூவா குடுத்தாலும் பரவால்ல, நான் அந்த ஆயிரத்த மிச்சம் பண்ணித்தான் 78,000 குடுக்குறேன்.

இந்தா, மெக்கானிக் போன் பண்றாரு. பினியன் செட்டு வந்துருச்சாம், மிச்சம் 30,000 கேப்பாரு. பக்கத்து வீட்ல நாத்து பறிக்க ஆரம்பிச்சிட்டாங்க.