நியூசிலாந்தில் கேம்பர்வேன் எடுக்கிறீர்களா? பணம் கட்டும் முன் வண்டி எண்ணைக் கேளுங்கள்

நியூசிலாந்தின் தெற்குத் தீவைக் கேம்பர்வேனில், அதாவது உள்ளேயே படுத்துத் தூங்கும் வசதியுள்ள வேனில், சுற்றினால் ஹோட்டல் செலவு மிச்சம் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கும் தம்பதிகளுக்காக இதை எழுதுகிறேன். கணக்கு சரிதான், வண்டி சரியாக இருந்தால். எங்களுக்கு வந்த வண்டி சரியில்லை. அது சரியில்லை என்று கொடுத்தவர்களுக்கும் தெரியும். கம்பெனி பெயரைப் போடவில்லை. கிரைஸ்ட்சர்ச் விமான நிலையத்தைச் சுற்றி இப்படிச் சின்னக் கம்பெனிகள் நிறைய. பெயர் மாறினாலும் வித்தை இதுதான்.

அங்கே கையைக் கடிக்காமல் ஊர் சுற்ற ஒரே வழி ஃப்ரீடம் கேம்பிங். அனுமதி உள்ள இடங்களில் வண்டியை நிறுத்தி, காசு கொடுக்காமல் இரவு தங்கலாம். ஆனால் பெரும்பாலான இடங்களில் 'செல்ஃப் கன்டெய்ன்ட்' சான்று உள்ள வண்டிக்குத்தான் அனுமதி. அதாவது கழிப்பறை, குடிநீர், கழிவுநீர்த் தொட்டி எல்லாம் வண்டிக்குள்ளேயே இருக்க வேண்டும். 2023-ல் சட்டத்தை இன்னும் இறுக்கிவிட்டார்கள். பெட்டி மாதிரி தூக்கி வைக்கிற போர்ட்டபிள் டாய்லெட் இனி செல்லாது. வண்டியோடு பொருத்தப்பட்டிருக்க வேண்டும். படுக்கையை விரித்திருக்கும்போதும் உள்ளே அதைப் பயன்படுத்த முடிய வேண்டும். பழைய நீல ஸ்டிக்கருக்குப் பதில் இப்போது பச்சை வாரண்ட், அதாவது கண்ணாடியில் வைக்கும் சான்று அட்டை. சொந்த வண்டி வைத்திருப்பவர்களுக்குக் கூடுதல் அவகாசம் கொடுத்தார்கள், வாடகை வண்டிகளுக்குக் கெடு முன்னாடியே முடிந்துவிட்டது.

நாங்கள் பார்த்த விளம்பரத்தில் 'இருவருக்கான செல்ஃப் கன்டெய்ன்ட் வேன், நாளுக்கு 59 டாலர்' என்று இருந்தது. அந்தப் பச்சை வாரண்ட் இருக்கிறதா என்று மின்னஞ்சலில் கேட்டேன். "ஆமாம், முழுச் சான்றோடு வரும்" என்று பதில் வந்தது. அந்த ஒரு வரிதான் பிறகு எங்களைக் காப்பாற்றியது. அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

நேரில் போனால் படத்தில் இருந்த வண்டி இல்லை. "அதே ரகம்தான்" என்று சொல்லி வேறொன்றைக் கொடுத்தார்கள். பின் பம்பரில் வெளிறிப்போன நீல ஸ்டிக்கர். பச்சை எங்கே என்று என் கணவர் கேட்டார். "இது போதும், யாரும் பார்க்க மாட்டார்கள்" என்றார் கவுன்ட்டரில் இருந்தவர். வேறு வண்டி வேண்டுமென்றால் கட்டிய பணம் திரும்பி வராது என்றும் சொன்னார். ஏப்ரல் விடுமுறைக் கூட்டம். அன்றைக்கு வேறெங்கும் வண்டி இல்லை.

அடுத்தது இன்சூரன்ஸ். சாதாரண இன்சூரன்ஸோடு எடுத்தால் 5,000 டாலர் பாண்ட் என்ற பிணைத்தொகை, நம் பணத்தில் சுமார் இரண்டரை லட்சம். அதைக் கார்டில் நிறுத்தி மட்டும் வைக்காமல் பணமாகவே எடுத்துக்கொள்வார்களாம். எடுக்கும்போது ஒரு மாற்று விகிதம், திருப்பும்போது இன்னொன்று, நடுவில் நம் வங்கியின் மார்க்அப். போகிற பணம் முழுசாகத் திரும்பாது. அதைத் தவிர்க்க நாளுக்கு இன்னும் 45 டாலர் கொடுத்து 'எக்ஸஸ் இல்லாத' (சேதத்தில் நம் பங்கு என்று எதுவும் கட்டத் தேவையில்லாத) இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும். அதிலும் வண்டியின் அடிப்பாகம், கூரை, கண்ணாடி சேராது. குவீன்ஸ்டவுனுக்குப் போகிற குறுக்குவழியான க்ரௌன் ரேஞ்ச் சாலையில் ஏற்றினால் எதுவுமே செல்லாது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

சரி, அந்தக் கழிப்பறை. கட்டிலுக்கு அடியில் ஒரு பிளைவுட் பலகை, அதற்குக் கீழே சாம்பல் நிறப் பிளாஸ்டிக் பெட்டி. கொக்கி கிடையாது, திருகு கிடையாது, வளைவில் திரும்பினால் அது பாட்டுக்கு உருண்டு ஓடும். படுக்கை விரித்த பிறகு அதை எடுக்க வேண்டுமென்றால் ஒருவர் எழுந்து, மெத்தையைச் சுருட்டி, பலகையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். வண்டிக்குள் இரண்டு பேர் நிற்க இடமில்லை. ஆகவே மற்றவர் வெளியே. டெக்காப்போ ஏரிப் பக்கம் உலகப் புகழ் பெற்ற இருண்ட வானம். ஜனம் எங்கிருந்தெல்லாமோ வந்து பார்க்கிற அந்த நட்சத்திரங்களை என் கணவர் நடு இரவில், பல் கிட்டிக்கொள்ளும் குளிரில், போர்வையைச் சுற்றிக்கொண்டு நின்று பார்த்தார். "முடிஞ்சுதா?" என்று இவர் கேட்க, "நீங்க கதவைச் சாத்துங்க முதல்ல!" என்று நான் கத்த, பக்கத்து வேன்காரர் விளக்கைப் போட்டுவிட்டார். இப்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

ஹீட்டரும் அன்றிரவே நின்றது. ஃபிரிட்ஜ், விளக்கு, ஹீட்டர் மூன்றும் வீட்டுப் பேட்டரி எனப்படும் இரண்டாவது பேட்டரியில் ஓடுபவை. வண்டி ஓடும்போது அது சார்ஜ் ஆக வேண்டும். கிரைஸ்ட்சர்ச்சிலிருந்து டெக்காப்போ வரை மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓட்டி வந்திருந்தோம், ஆனாலும் இரவு பத்து மணிக்குள் காலி. கம்பெனிக்குச் செய்தி அனுப்பினால் "இன்னும் அதிகம் ஓட்டுங்கள்" என்று பதில்.

மறுநாள் இரவு ட்வைசல் பக்கம் ஓர் ஏரிக்கரை. அனுமதி உள்ள இடம்தான், பலகையும் இருந்தது. காலையில் கண்ணாடியைத் தட்டினார் ஓர் அதிகாரி. மரியாதையான மனிதர். கண்ணாடியில் வாரண்ட் இல்லை என்று பார்த்தார், டாய்லெட்டைக் காட்டச் சொன்னார். காட்டினோம். போனில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்தார். பதிவேட்டில் அப்படி ஒரு வண்டியே இல்லை. 400 டாலர் அபராதம், ஏறக்குறைய இருபதாயிரம் ரூபாய். வாடகைக்குக் கொடுத்தவரைப் பிடியுங்கள் என்றதற்கு, தங்கியது நீங்கள்தானே என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

இந்தப் பதிவின் சாரமே அந்தப் பதிவேடுதான். செல்ஃப் கன்டெய்ன்ட் வண்டிகளுக்கென அங்கே ஒரு தேசியப் பதிவேடு இருக்கிறது. அதை நடத்துவது பிளம்பர்களை ஒழுங்குபடுத்தும் வாரியம். வண்டி எண்ணைப் போட்டால் யார் வேண்டுமானாலும் சென்னையில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம், காசு இல்லை. வண்டிக்குச் சான்று உண்டா, இல்லையா என்று வந்துவிடும். வாரண்ட் அட்டையில் எத்தனை பேருக்கு என்றும் இருக்கும். ஆகவே "எந்த வண்டி எண்ணை எனக்குக் கொடுப்பீர்கள்?" என்று எழுத்தில் கேளுங்கள். "அன்றைக்குத்தான் தெரியும்" என்றால், சான்றில்லாத வண்டி வந்தால் முழுப் பணமும் திரும்பும் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். தர மறுத்தால் விட்டுவிடுங்கள்.

அதன் பிறகு இலவச இடங்கள் எங்களுக்கு இல்லை என்றாகிவிட்டது. இயற்கைப் பாதுகாப்புத் துறையின் முகாம்கள் கைகொடுத்தன. ஆளுக்குப் பத்து, இருபது டாலருக்குள் முடிந்துவிடும், கழிப்பறை அவர்களே வைத்திருப்பார்கள். ஆவோராகி குக் மலையடிவாரத்தில் இருக்கும் வைட் ஹார்ஸ் ஹில் முகாமைத் தனியாகவே பரிந்துரைப்பேன். ஆனால் பேட்டரி செத்த வண்டிக்கு மின் இணைப்பு வேண்டுமே, அதற்கு ஹாலிடே பார்க் எனப்படும் கட்டண முகாம்தான். இரவுக்கு ஐம்பது அறுபது டாலர். மிச்சம் பிடிக்க வந்த இடத்தில் மோட்டல் விலைக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம்.

வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது இன்னொரு ரசீது. அங்கே டீசலில் சாலை வரி சேராது. ஓடிய தூரத்துக்கு உரிமையாளர் தனியாகக் கட்ட வேண்டும், நம் அளவு வண்டிக்கு அப்போது ஆயிரம் கிலோமீட்டருக்கு 76 டாலர். பங்கில் டீசல் மலிவாகத் தெரிவது இதனால்தான். அதை வாடிக்கையாளரிடம் வாங்குவது வழக்கம், தப்பில்லை. எங்களிடம் கேட்டது ஆயிரத்துக்கு 120. கூடவே அபராத நோட்டீஸைக் 'கையாண்டதற்கு' 75 டாலர்.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாக, கார்டில் போன பணத்தைத் திரும்பக் கேட்டு வங்கியில் சார்ஜ்பேக் போட்டோம். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், 'முழுச் சான்றோடு வரும்' மின்னஞ்சல், பிளாஸ்டிக் பெட்டியின் படம், அபராத நோட்டீஸ் எல்லாம் வைத்தோம். அபராதத்தைத் தள்ளுபடி செய்யச் சொல்லி, அதைப் போட்ட உள்ளூர் கவுன்சிலுக்கு எழுதியது பலிக்கவில்லை. கம்பெனிக்கு மட்டும், சிறு வழக்குகளைத் தீர்க்க அங்கேயுள்ள டிஸ்பியூட்ஸ் ட்ரிப்யூனலுக்குப் போகிறோம் என்று ஒரு கடிதம் அனுப்பினோம். அங்கே வக்கீல் வைக்க முடியாது, இரு தரப்பும் தாங்களே பேச வேண்டும், தொலைபேசி வழியாக விசாரிக்கச் சொல்லியும் கேட்கலாம். நுகர்வோர் உத்தரவாதச் சட்டமும் நேர்மையான வணிகச் சட்டமும் வாடகை வண்டிக்கும் பொருந்தும், சுற்றுலாப் பயணிக்கும் பொருந்தும். கடிதத்தில் இரண்டின் பெயரையும் எழுதினோம்.

அந்த வாரமே 400 டாலரும் 75 டாலரும் கார்டுக்குத் திரும்பி வந்தன, மன்னிப்பு ஒரு வரி இல்லை. சாலை வரியில் கூடுதலாக வாங்கியதை வங்கி மீட்டுக் கொடுத்தது. ஹாலிடே பார்க் செலவுக்கு இன்னும் பதில் இல்லை. அதற்கான மனுவைத் தயார் செய்துகொண்டிருக்கிறோம்.