தொட்டிப் பூச்சிக்கு மஞ்சள் அட்டையா, வேப்பம் புண்ணாக்கா, மணலா?

ஹால் ஜன்னலோரம் ஏழு தொட்டி: மணி பிளான்ட், கற்பூரவல்லி, ஒரு பெரணி என்று. ஐப்பசி மழை பிடித்ததும் கொசுவைவிடச் சின்னதாகக் கறுப்புப் பூச்சி பறக்க ஆரம்பித்தது. கடிக்காது, ஆனால் காபி டம்ளரில் வந்து விழும். முதலில் வாழைப்பழத்தைத்தான் சந்தேகப்பட்டோம். பழ ஈ பழுப்பாக, சிவப்புக் கண்ணோடு இருக்கும். இது தொட்டி மண்ணில் பிறப்பது. ஒரு உருளைக்கிழங்கு வில்லையை மண்மேல் 2 நாள் வைத்துத் திருப்பிப் பாருங்கள், கறுப்புத் தலையோடு கண்ணாடி மாதிரிப் புழு நெளிந்தால் அதேதான்.

மஞ்சள் ஒட்டும் அட்டை மாட்டிய மறுநாளே புள்ளி புள்ளியாகிவிட்டது, பார்க்கத் திருப்தி. ஆனால் ஒட்டுவது வளர்ந்த பூச்சி, எப்படியும் ஒரு வாரத்தில் சாகப்போவது. முட்டையும் புழுவும் மண்ணில் பத்திரமாக இருக்கும். தூசி படிந்தால் பசை போய்விடும், திரும்ப வாங்க வேண்டும். ஒரு நாள் பல்லி ஒட்டிக்கொண்டு, தேங்காய் எண்ணெய் தடவி அரை மணி நேரம் பிரித்தெடுத்தேன்.

வேப்பம் புண்ணாக்கு ஊறவைத்த தண்ணீரை இரண்டே தடவைதான் ஊற்றினேன், ஹாலில் அந்த நாற்றம் தாங்கவில்லை. பூச்சி கொஞ்சம் குறைந்தது, ஆனால் அந்த வாரம் வெயிலும் அடித்தது, எதனால் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. கொசுப்புழுவுக்குப் போடும் பி.டி.ஐ பாக்டீரியாவும் இதற்குக் கேட்கும். பச்சைப்புழுவுக்கு விற்கிற பி.டி வேறு ரகம், மாற்றி வாங்கிவிடாதீர்கள்.

நான் நின்றது மணலில். நிஜமாகச் சொன்னால் மணலில்கூட இல்லை, தண்ணீரில். புழு இருப்பது மேல்மண் இரண்டு மூன்று அங்குலத்துக்குள், தின்பது ஈரத்தில் வளரும் பூஞ்சையை. எங்கள் வீட்டில் காலையில் அம்மா ஒரு மக் ஊற்றுவார், தெரியாமல் சாயங்காலம் நான் ஒரு மக். தென்னை நார் கலந்த மண் காயவே இல்லை. இப்போது விரலை இரண்டு கணு விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால்தான் தண்ணீர், அதுவும் அடித்தட்டில். மேலே பொடியைச் சலித்து நீக்கிய எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) ஒரு அங்குலம். அரை மணி கழித்துத் தட்டில் மிச்சம் நின்றால் கொட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் டெங்கு கொசுவை நாமே வளர்த்த கதைதான். செலவு இல்லை, மாற்ற வேண்டியதும் இல்லை. ஏற்கெனவே மண்ணில் உள்ளது வெளியேறி முடிய மூன்று நான்கு வாரம் பொறுக்க வேண்டும், அவ்வளவுதான்.

பெரணி மட்டும் மண்ணை இப்படிக் காயவிட்டதைத் தாங்காமல் நுனி கருகியது. அதற்குப் பக்கத்தில் இன்னும் ஒரு மஞ்சள் அட்டை நிற்கிறது, பல்லி ஏறாத உயரத்தில்.